கவரும் கையுமாக

உலகத்தில் டிப்ஸ் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், கொடுக்காதவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. முதல் வகை பையில் கைவிட்டு எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடும்; இரண்டாம் வகை விட்டத்தைப் பார்த்துக்கொண்டே நழுவிவிடும். எதுவானாலும் இரண்டு விநாடியில் முடிந்துபோகிற சமாச்சாரம். நான் சொல்ல வந்தது மூன்றாவதாக ஒரு ஜென்மத்தைப் பற்றி. அதற்குக் 'கொடுக்கப் போகிறவர்' என்று பெயர்.

கொடுக்கப் போகிறவரைக் கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சனுக்கு மனம் வராது. இவருக்கு மனம் எப்போதோ வந்துவிட்டது, வேளைதான் வரவில்லை. பயணம் கிளம்பும் முன்பே வங்கியில் புது நோட்டாகக் கேட்டு வாங்கி, கசங்காமல் ஒரு கவரில் போட்டு, கவரைக் கோட்டின் உள்பையில் பத்திரப்படுத்தி, தோதான இடம், ஆளில்லாத சந்தர்ப்பம், வாங்குகிறவர் முகத்தில் ஒரு தெளிவு, கொடுக்கிறவர் கையில் ஒரு நிதானம் எல்லாம் கூடி வரட்டும் என்று காத்திருப்பார். கூடி வருமா? வராது. முடிதிருத்தும் கடையில் முடி வெட்டி முடித்த பிறகும் இவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டார். வெட்டியவர் பாவம், "இன்னும் கொறைக்கணுமா சார்?" என்று கேட்டு மறுபடி கத்தரியை எடுப்பார். இவரும் வேளை வரவில்லையே என்று தலையை ஆட்டிவைப்பார். இப்படியே ஒட்ட வெட்டப்பட்ட தலையோடு, கொடுக்காத டிப்ஸோடு வீடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

அவர்களில் முதன்மையானவர் என் சகலை. என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். பாலம் கட்டுகிற பொறியாளர். ஒரு பாலம் எத்தனை லாரியைத் தாங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆற்றுக்கு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஊரையே கடத்திவிடுகிற மனிதருக்கு, ஒரு மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு கவரைக் கடத்தத் தெரியாது.

நாங்கள் நான்கு பேரும், அதாவது இரண்டு அக்கா தங்கைகளும் அவர்களுக்கு வாய்த்த இரண்டு பேரும், ஏழு நாள் சொகுசுக் கப்பலில் போனோம். ஐந்தாம் நாள் சகலைக்கும் அக்காவுக்கும் இருபத்தைந்தாவது திருமண நாள். கப்பல் கம்பெனி அனுப்பிய புத்தகத்தின் பதினோராம் பக்கத்தில் ஒரு படம் இருந்தது. சாப்பாட்டுக்கூடத்தின் கடைசிக் கோடியில், கப்பலின் பின்பக்கம், மூன்று புறமும் கண்ணாடி. நடுவில் ஒரு சின்ன மேசை, இரண்டே நாற்காலி. வெளியே கப்பல் விட்டுப்போகிற வெள்ளை நுரைப்பாதை. அக்கா அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருந்தார்.

"எனக்கு நகை வேணாம், ஒண்ணும் வேணாம். அன்னிக்குச் சாயங்காலம் நாம ரெண்டு பேரும் இங்க உக்காரணும். அவ்வளவுதான்."

"நான் பாத்துக்கறேன்," என்றார் சகலை.

அக்கா ஒரு பெருமூச்சு விட்டார். பால்கனிக் கம்பி ஆடுவதையும் அவர்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஒன்பது வருடமாக.

அந்தப் படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில், 'இந்த மேசைக்கு எங்கள் கான்சியர்ஜை அணுகவும்' என்று போட்டிருந்தது. கான்சியர்ஜ் என்றால், கப்பலின் கூடத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, பயணிகள் கேட்பதையெல்லாம் ஏற்பாடு செய்து கொடுக்கிறவர். நல்ல மேசை வேண்டுமா, நாடகத்துக்கு முன்வரிசை வேண்டுமா, கரையில் இறங்கினால் வண்டி வேண்டுமா, அவரிடம் சொன்னால் போதும். எங்கள் கப்பலில் அந்த வேலையில் இருந்தது, வட்டக் கண்ணாடி போட்ட, சிரித்த முகமாக ஓர் அம்மணி. அறை துடைப்பவருக்கும் பரிமாறுபவருக்கும் உரிய டிப்ஸைக் கப்பல்காரர்களே பில்லில் சேர்த்துவிடுகிறார்கள். கான்சியர்ஜுக்கு மட்டும், 'விருப்பமிருந்தால் தாங்களே நேரில் அளிக்கலாம்' என்று எழுதியிருந்தது. இந்த ஒரு வரிதான் என் சகலையைச் சாய்த்தது.

முதல் நாள் மேல்தளத்தில் என்னை ஓரங்கட்டினார்.

"சகலை, இது சாதாரண விஷயமில்ல. மொதல்லயே குடுத்துட்டு மேசை கேட்டா அதுக்குப் பேரு லஞ்சம். மேசைய வாங்கிட்டுப் பின்னாடி குடுத்தா அது கூலி."

"சரி, நடுவுல குடுத்துடுங்க."

"நடுவுல குடுத்தா பரிதாபம். ஐயோ பாவம், இவங்களுக்கு வேற வழியில்லன்னு நாம நெனைக்கற மாதிரி ஆயிடும். அவங்க மனசு என்ன பாடுபடும்?"

"அப்ப ஒண்ணும் குடுக்காம, சும்மா வாயத் தொறந்து கேட்டுப் பாருங்களேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் இருபத்திரண்டு வருட உறவு ஒரு கணம் ஊசலாடியது. "அது ஓசி, சகலை. நம்ம குடும்பத்துல யாரும் ஓசி கேட்டதில்ல."

பிறகு ஒத்திகை தொடங்கியது. மடித்த நோட்டை உள்ளங்கையில் மறைத்து, கைகுலுக்குகிற சாக்கில், கண்ணும் கண்ணும் பார்த்துக்கொண்டிருக்க, பணம் கைமாறிவிட வேண்டும். இதுதான் கௌரவமானவர்கள் செய்கிற முறையாம். எங்கள் அறை வாசலில் நான் அம்மணியாக நின்றேன். பன்னிரண்டு முறை குலுக்கினோம். நோட்டு நான்கு முறை தரையில் விழுந்தது. ஒருமுறை என் சட்டைக் கைக்குள் போய் முழங்கையில் தங்கியது.

"இப்பப் பணம் கைமாறினது உங்களுக்கே தெரியலையில்ல?"

"தெரியல சகலை. ஏன்னா மாறவே இல்ல. உங்க வேர்வையில ஒட்டிக்கிட்டு அங்கயேதான் இருக்கு."

எதிர் அறைக்காரர் கதவைத் திறந்தார், இரண்டு ஆண்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார், மெல்ல மூடிக்கொண்டார். அதன்பிறகு கைகுலுக்கல் கைவிடப்பட்டுக் கவரே நிலைத்தது.

அன்று மாலை சகலை மேசைக்குப் போனார். கை கோட்டின் உள்பைக்குள், நெஞ்சோடு ஒட்டியபடி. அம்மணி நிமிர்ந்து சிரித்தார். "சொல்லுங்க சார், என்ன உதவி வேணும்?"

சகலைக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "மணி... மணி என்ன ஆச்சு?"

அம்மணியின் தலைக்கு மேலேயே மூன்று கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. மரியாதையாகத் திரும்பிப் பார்த்துச் சொன்னார். சகலை நெஞ்சைப் பிடித்தபடியே நன்றி சொல்லித் திரும்பிவிட்டார்.

இரண்டாம் நாள் போனார். "கப்பல் எந்தப் பக்கமா போகுது?"

"முன்பக்கமா சார்," என்றார் அம்மணி. குரலில் லேசான கவலை.

மூன்றாம் நாள், கவரின் முகப்பு வெறுமையாக இருக்கிறதே என்று அதன்மேல் 'அன்புடன்' என்று எழுதினார். எழுதிய பிறகு, வேற்றுப் பெண்மணிக்கு அன்புடன் என்றால் அக்கா பார்த்தால் என்ன ஆகும் என்று மண்டையைக் குடைய, அதை அடித்துவிட்டு 'மரியாதையுடன்' என்று எழுதினார். அது மலர்வளையத்தில் எழுதுகிற மாதிரி இருந்தது. கவர் பாழ். புதுக் கவருக்கு எங்கே போவது? கப்பலில் கவர் கிடைக்கிற ஒரே இடம் எது? அதே அம்மணியின் மேசைதான். போய், கோட்டுக்குள் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையை நீட்டி, "ஒரு கவரும் ஒரு வெள்ளைத் தாளும் கெடைக்குமா?" என்று கேட்டார். தாள் எதற்கு? எழுதிப் பார்த்துக்கொள்ள. கவர் கொடுத்த உதவிக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போட வேண்டும் என்று அன்று தொகையைக் கூட்டினார். நான்காம் நாள் மேலும் இரண்டு கவர். கடைசியில் 'நன்றி' என்ற ஒற்றைச் சொல்லில் போய் நின்றது. அன்று முழுக்கக் குட்டி போட்ட பூனை மாதிரி அந்த மேசையையே சுற்றிச் சுற்றி வந்தார்.

அக்கா தினமும் காலையில் ஒரே கேள்விதான் கேட்டார். "அந்த மேசைக்குச் சொல்லிட்டீங்களா?"

"ஆயிட்டே இருக்கு."

எனக்கே பொறுக்கவில்லை. "நான் போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வரட்டுமா சகலை?"

"கெடுத்துடாதீங்க! நான் இப்பதான் அஸ்திவாரம் போட்டுட்டு இருக்கேன்."

ஐந்தாம் நாள் மாலை வந்தது. அக்கா அலங்காரம் செய்துகொண்டிருந்தார். சகலை புதுக் கோட்டுப் போட்டு, கழுத்துப் பட்டையை இறுக்கி, என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு கூடத்துக்கு இறங்கினார். "இன்னிக்குக் குடுத்துடறேன்," என்றார். இந்த இனத்தின் வாயில் அதிகமாக வருகிற வாக்கியம் இதுதான். மேசைக்கு முன்னால் போய் நின்றார். உள்பைக்குள் கையை விட்டார். வேளை வந்துவிட்டது. கவர் வரவில்லை. புதுக் கோட்டின் உள்துணியில் அதன் மூலை மாட்டிக்கொண்டது. இழுத்தார். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். முகம் சிவந்தது, நெற்றியில் வியர்வை கொட்டியது, மூச்சு வாங்கியது, இடது நெஞ்சைப் பிடித்தபடி அவர் உடம்பே மேசைமேல் சாய்ந்தது.

அம்மணி ஒரு பொத்தானை அழுத்தினார்.

அடுத்த நிமிடம் சக்கர நாற்காலியோடு இரண்டு பேர் வந்தார்கள். எனக்கு வாய் திறக்க இடம் கொடுக்கவில்லை. "எங்களுக்கு மொத நாளே சந்தேகம் சார்," என்று அம்மணி கூடவே ஓடிவந்துகொண்டே என்னிடம் சொன்னார். "வர்றப்பல்லாம் நெஞ்சப் பிடிக்கறாரு. மணி தெரியல, தெசை தெரியல. அப்புறம் கவரும் வெள்ளைத் தாளும் கேட்டாரு பாருங்க, உயில் எழுதறாரோன்னு எனக்கு ரெண்டு நாளா சாப்பாடே எறங்கல."

கப்பல் மருத்துவ அறையில் கோட்டைக் கழற்றி நர்ஸ் கையில் கொடுத்தார்கள். மார்பு முழுக்க ஒயர்களை ஒட்டினார்கள். டாக்டர் குனிந்து கேட்டார். "எங்க வலிக்குது?"

"வலி இல்ல டாக்டர். டிப்ஸ்."

டாக்டர் நர்ஸைப் பார்த்து, "பேச்சுல கொழப்பம்னு எழுதிக்குங்க. மூணு மணி நேரம் அசையக்கூடாது," என்றார்.

அக்காவும் என் மனைவியும் பதறி ஓடிவந்தார்கள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும், சும்மா சொல்லக்கூடாது, அந்த ஒரு நிமிடம் எனக்குச் சிரிப்பே வரவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். லஞ்சம், கூலி, பரிதாபம், ஓசி, ஒத்திகை, கவர் வரைக்கும். அக்கா கேட்டு முடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கட்டிலில் கிடந்தவரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். பிறகு வாசலில் கவலையோடு நின்ற அம்மணியிடம் திரும்பினார்.

"ஏம்மா, சாப்பாட்டுக்கூடத்துல கடைசில கண்ணாடியோரம் ரெண்டு பேர் உக்கார்ற மேசை இருக்கில்ல, அது இன்னிக்குக் கெடைக்குமா?"

"அதுவா மேடம்? தாராளமா. அஞ்சு நாளா காலியாத்தான் கெடக்கு. யாருமே கேக்கல."

அறையில் சகலையின் இதயத் துடிப்பு மட்டும் கருவியில் கேட்டது. அது ஒருமுறை துள்ளியது.

அக்கா தங்கையின் கையைப் பிடித்தார். "வாடி, போலாம்." நர்ஸ் நீட்டிய கோட்டை இன்னொரு கையில் வாங்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாற்காலிக்கும் ஆள் சரியாகிவிட்டது. நானும் சகலையும் மருத்துவ அறைக் கஞ்சியை ஆளுக்கு ஒரு கிண்ணம் குடித்தோம்.

இரண்டரை மணி நேரம் கழித்து அக்கா திரும்பி வந்தார். கையில் ஒரு தட்டு, அதில் ஒரு துண்டு கேக். முகம் மலர்ந்திருந்தது. நுரைப்பாதை எவ்வளவு தூரம் தெரிந்தது, சூரியன் எந்த இடத்தில் இறங்கியது, கண்ணாடி எவ்வளவு சுத்தம் என்று எல்லாம் சொன்னார்.

"அப்புறம், அந்தப் பொண்ணுக்கு டிப்ஸ் குடுத்துட்டேன்."

சகலை ஒயர்களோடு எழுந்து உட்கார்ந்தார். "ஏது பணம்?"

"உங்க கோட்டுல ஒரு கவர் இருந்துச்சே. துணியில மாட்டியிருந்துச்சு, எடுத்தேன். 'ரொம்ப நன்றிம்மா'ன்னு குடுத்தேன். 'தேங்க்ஸ் மேடம்'ன்னு வாங்கிக்கிட்டா. அரை நிமிஷம்கூட ஆகல."

இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்த மனைவி, அதே திருமண நாளில், தன் முன்னால் கேக்கோடு நிற்கிறாள். ஒரு மனிதன் என்ன கேட்க வேண்டும்? மன்னிப்பு கேட்கலாம். கேக்கைக் கேட்கலாம். சகலை கேட்டார்: "எப்பக் குடுத்தே? முன்னாடியா, பின்னாடியா?"

அக்கா ஸ்பூனால் கேக்கை வெட்டி அவர் வாயில் திணித்தார். "நடுவுல."

ஏழாம் நாள் காலை நாங்கள் இறங்கும்போது, அம்மணி வழியனுப்பப் படிக்கட்டு ஓரம் நின்றிருந்தார். தன் உயிரைக் காப்பாற்ற நினைத்தவருக்குத் தனியாக ஏதாவது செய்ய வேண்டும் என்று சகலை மருத்துவ அறையிலேயே மாத்திரை போடுகிற கவர் ஒன்று கேட்டு வாங்கியிருந்தார். அருகில் போனார். கை கோட்டுக்குள் போனது. அம்மணியின் முகம் மாறியது. பின்னால் சக்கர நாற்காலி உருளும் சத்தம் கேட்டது. சகலை வெடுக்கென்று கையை வெளியே எடுத்து, டாட்டா காட்டிவிட்டு இறங்கிவிட்டார். அந்தக் கவர் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. தபாலில் அனுப்பினால் திமிர் என்று நினைப்பார்களோ என்று போன வாரம்கூடப் போன் பண்ணிக் கேட்டார்.

நீ கொடுத்தாயா என்று என்னைக் கேட்கிறீர்கள். சகலை கொடுக்கும்போது கூடவே நின்று நானும் கொடுத்துவிடலாம் என்று இருந்தேன். கொடுக்கத்தான் போகிறேன்.

அது கிடக்கட்டும், உங்கள் விஷயத்துக்கு வருவோம். கவரில் பணம்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அலுவலகத்தில் உங்களுக்காக ஒருமுறை பொய் சொல்லிக் காப்பாற்றியவருக்குச் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை, தம்பியிடம் கேட்க வேண்டிய ஒரு மன்னிப்பு, 'இன்னிக்குச் சமையல் பிரமாதம்' என்று வீட்டில் சொல்ல வைத்திருந்த ஒரு வாக்கியம் என்று, சரியான வேளைக்காக உள்பையில் எதுவும் வைத்திருக்கிறீர்களா? இதைப் படிக்கும்போதே உங்கள் கை நெஞ்சுப் பக்கம் போயிற்றே, நான் பார்த்தேன். சீக்கிரம் கையை வெளியே எடுங்கள். பக்கத்தில் யாராவது டாக்டரைக் கூப்பிட்டுவிடப் போகிறார்கள்.