வீக்கமற்ற அலுவலகம்

துணை இயக்குநரின் கால் பெருவிரல் வீங்கியது விதிகளுக்கு முற்றிலும் முரணானது. அந்த மாதம் அலுவலகம் முழுவதும் ‘வீக்கமற்ற வாழ்வு’ இயக்கம் நடந்துகொண்டிருந்தது. சகல நோய்க்கும் வீக்கமே மூலகாரணம் என்று தலைமையகம் கண்டுபிடித்திருந்தது. மேசைக்கு மேசை ஏதோ பச்சை நிறச் சாறு நின்றது. இயக்கத்துக்குத் தலைவரே துணை இயக்குநர்தான். இயக்கத்தின் பாராட்டு விழாவில் மேடையேற வேண்டியவரும் அவர்தான். அதற்கென்று வாங்கிய கூர்மூக்குக் காலணிதான் விரலைக் கடித்துவிட்டது.

அலுவலக மருத்துவர் குனிந்து பார்த்தார். “நல்லா வீங்கியிருக்கு சார். சந்தோஷம்.”

“சந்தோஷமா?”

“காயம்பட்ட செல் எல்லாம் கொஞ்சம் புரதத்தை வெளியே விடும். ‘யாராவது வாங்க’ன்னு அது கூப்பிடற குரல். வெள்ளையணு ஓடிவந்து கிருமியைத் தின்னும். அதான் வீக்கம். வேலை முடிஞ்சா வேற புரதம் கிளம்பும். ‘போதும், இனிமே சதையை வளர்க்கலாம்’னு.”

“யாரைக் கேட்டு விடுது?”

“யாரையும் கேட்காது சார்.”

துணை இயக்குநருக்குச் சுருக்கென்றது. கடைநிலைச் செல் ஒன்று, மூளையிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஆள் திரட்டுவதா? அவருடைய அலுவலகத்தில் மின்விசிறி கழன்று தலையில் விழுந்தாலும் ஒருவரும் வாய்திறக்க மாட்டார்கள். அந்த ஒழுங்கைக் கொண்டுவர அவர் பட்ட பாடு கொஞ்சமா?

“அடக்க மருந்து இருக்கா?”

“இருக்கு. உங்களுக்குச் சர்க்கரை வேற. அடக்கினா புண் ஆறாது, விரலே போயிடும்.”

மருத்துவர் தராத மாத்திரையைக் கடைக்காரர் தந்தார். வீக்கம் வடிந்தது, சிவப்பு மறைந்தது, வலியும் போன இடம் தெரியவில்லை. காலணி கச்சிதமாகப் பொருந்தியது. விழாவில் முன்வரிசைக்காரர்கள் மூக்கைப் பொத்தவும் முடியாமல், கைதட்டலை நிறுத்தவும் முடியாமல் தவித்தார்கள்.

“என்னங்க, எங்கேயோ எலி செத்துக் கிடக்குது போல,” என்றாள் வீட்டில் மனைவி. காலணியைக் கழற்றினார். எலி இல்லை.

விரலை எடுத்துவிட்டார்கள்.

“உனக்கு நாத்தம் வரலையாய்யா?” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே, பார்க்க வந்த உதவியாளர்மேல் பாய்ந்தார்.

“வந்துச்சு சார். ஜன்னலைத் திறந்து வெச்சோம்.”

அலுவலகம் திரும்பிய அன்றே ஊன்றுகோலுடன் எல்லோரையும் கூட்டினார். “எங்கே எது கெட்டுப்போயிருந்தாலும் சொல்லுங்க. கத்தினாலும் பரவாயில்ல. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்.”

“எல்லாம் நல்லா இருக்கு சார்,” என்றார்கள் ஒரே குரலில்.

ஒரு முகத்தில்கூடச் சிவப்பில்லை. துணை இயக்குநர் மெல்ல மூச்சை இழுத்து மோந்து பார்த்தார்.