கண்ணுக்குத் தப்பியது

"லிஃப்ட் நல்லாத்தான் இருக்குங்கறீங்க. அப்புறம் எதுக்கு சார் கண்ணை மூடிக் கும்பிட்டீங்க?"

ஏழாவது மாடிக் குமாஸ்தா இப்படிக் கேட்டதும் லிஃப்ட் ஆய்வாளரின் கையிலிருந்த பேனா மூடி நழுவி உருண்டது. இருபத்திரண்டு வருஷமாக லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற மனிதர். கயிறு, பிரேக், கதவு, அபாய மணி என்று ஒன்று விடாமல் பார்த்து முடித்ததும், லிஃப்ட் கதவில் கை வைத்து அரை நிமிஷம் வேண்டிக்கொள்வார். அதன் பிறகுதான் கையெழுத்து. இத்தனை வருஷத்தில் ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை.

"அது பழக்கம் தம்பி."

"'என் கண்ணுக்குத் தப்பினதை நீதான் பாத்துக்கணும் கடவுளே'ன்னு சொன்னீங்க. என் காதால கேட்டேன். அப்ப ஏதோ தப்பியிருக்கு?"

"ஒண்ணும் தப்பல. ஒருவேளை தப்பியிருந்தா..."

"பாத்தீங்களா, நீங்களே சொல்றீங்க!" என்று குமாஸ்தா படிக்கட்டை நோக்கி ஓடினார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மத்தியானத்துக்குள் ஏழு மாடிக்கும் சேதி போய்விட்டது. மறுநாள் காலையில் லிஃப்ட் கீழ்த்தளத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. சீந்த ஆளில்லை. அத்தனை பேரும் படியில் ஏறினார்கள். தரை துடைக்கும் வாளியம்மா மட்டும் தன் வாளியோடு லிஃப்டில் ஏறி, எந்தக் கவலையும் இல்லாமல் மேலே போனாள்.

அந்த ஏழு மாடி அலுவலகத்தின் மேலாளர் இளகிய மனசுக்காரர். தினமும் நாலு மணிக்கே வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறவர் என்பதால் பிறர் கஷ்டம் அவருக்குப் புரியும். 'ஊழியர்களின் அச்சம் தீரும்வரை காலையில் அரைமணி நேரம் தாமதமாக வரலாம்' என்று சுற்றறிக்கை விட்டார். கூடவே ஆய்வாளரின் தலைமை அதிகாரிக்கு ஒரு புகாரும் போனது.

தலைமை அதிகாரி கண்டிப்பானவர். ஆய்வாளரை நிற்க வைத்தே பேசினார்.

"நம்ம சோதனைப் படிவத்துல எத்தனை கட்டம் இருக்கு?"

"நாப்பத்தி ரெண்டு சார்."

"அதுல கடவுளுக்குன்னு ஒரு கட்டம் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப வீட்ல கும்பிடுங்க, யார் வேண்டாங்கறா? வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த ஜனங்க லிஃப்ட்ல ஏறணும். இல்லேன்னா திங்கக்கிழமை நீங்க கோப்பு அறைக்குப் போயிடுங்க."

கோப்பு அறை! கிரீஸ் வாசனை இல்லாத நாள் ஆய்வாளருக்கு விடியாத நாள். அங்கே தூசியைத் தவிர மேலே போய்க் கீழே வருகிற பொருள் எதுவும் கிடையாது.

புதன்கிழமை காலை படிக்கட்டு ஓரமாக நின்று, ஏறுகிறவர்களை மறித்து விளக்கம் சொன்னார். "நான் பயந்து கும்பிடலைங்க. நன்றி சொல்லித்தான் கும்பிட்டேன்."

வரவேற்பறைப் பெண் நெஞ்சில் கை வைத்தாள். "நன்றியா? எதுலேருந்து சார் தப்பிச்சீங்க?"

விளக்கம் வேலைக்காகவில்லை என்றதும் செய்தே காட்டிவிடலாம் என்று லிஃப்டுக்குள் புகுந்தார். முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு பதினோரு தடவை ஏறி இறங்கினார். கடைசி நடையில் தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"பதினோரு தடவை!" என்றார் குமாஸ்தா, கூடியிருந்தவர்களைப் பார்த்து. "ஏதோ சத்தம் கேட்டிருக்கு. இல்லேன்னா மனுஷன் எதுக்கு முகமெல்லாம் வெளுத்து வர்றாரு?"

அரைமணிச் சலுகை முக்கால் மணி ஆயிற்று.

வீட்டில் மனைவி ஒரு யோசனை சொன்னாள். "என்னங்க, கண்ணைத் திறந்துக்கிட்டே மனசுக்குள்ள வேண்டிக்குங்களேன். நீங்க கண்ணை மூடினாத்தான் கடவுளுக்குக் காது கேக்குமா?"

இதைவிட நல்ல யோசனை ஏது? வியாழக்கிழமை லிஃப்டை மறுபடி முழுசாகச் சோதித்தார். நடுவில் நின்று கண்ணை அகலத் திறந்தபடி மேற்கூரையைப் பார்த்து வேண்டினார். வேண்டி முடித்துத் திரும்பினால், வாசலில் பத்துப் பேர் அண்ணாந்து அதே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேலே என்ன சார் விரிசலா?"

"விரிசலும் இல்ல, ஒண்ணும் இல்ல!"

"கத்துறாரு பாருங்க. பாவம், அவருக்கே பயம்," என்று குமாஸ்தா பெருமூச்சு விட்டார்.

முக்கால் மணி ஒரு மணியானது. ஆய்வாளர் மொட்டை மாடியிலிருந்த இயந்திர அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் ஐந்து மணியிருக்கும். எதிரே மோட்டார் ஓயாமல் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. ஒரு வாளியோடு அந்த அம்மா எத்தனை நடைதான் நடப்பாளோ என்று அவருக்கு மனசு கஷ்டமாக இருந்தது. நம் லிஃப்டை நம்புகிற ஒரே ஜீவன் என்று நன்றியும் பொங்கியது.

வெள்ளிக்கிழமை தலைமை அதிகாரியே நேரில் வந்தார். ஊழியர்கள் வட்டமாக நிற்க, ஆய்வாளர் புதுச் சான்றிதழை எடுத்தார். கதவில் கை வைக்கவில்லை. கண்ணை மூடவில்லை. மனசுக்குள்ளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டைப் பூட்டாமல் வெளியூர் கிளம்பியவர் மாதிரி அவருக்குள் பதறியது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கையெழுத்து கோணிக்கொண்டு போனது.

"எல்லாரும் பாத்துக்குங்க!" என்றார் தலைமை அதிகாரி வெற்றிப் புன்னகையோடு. "இவர் இன்னிக்குக் கும்பிடவே இல்ல!"

"கும்பிடக்கூட இல்லையா?" குமாஸ்தா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அப்ப கடவுளும் கைவிட்டுட்டாரா?"

கூட்டம் மொத்தமாகப் படிக்கட்டுப் பக்கம் திரும்பியது. தலைமை அதிகாரி ஆய்வாளரை ஏற இறங்கப் பார்த்தார். "திங்கக்கிழமை. கோப்பு அறை," என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

ஆய்வாளர் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். வேலையும் போயிற்று, வேண்டுதலும் போயிற்று. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாளியம்மா ஈரத் துணியோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"கொஞ்சம் காலைத் தூக்குங்க சார். எதுக்கு இப்படிக் கலங்குறீங்க?"

"ஒரு கும்பிடு போட்டு இத்தனை ஜனங்களையும் பயமுறுத்திட்டேனேம்மா."

வாளியம்மா துணியைப் பிழிந்தாள்.

"யாரு சார் பயந்தா? மேனேஜர் கிளம்பினதும், சாயங்காலம் அஞ்சு மணிக்கு அத்தனை பேரும் இதே லிஃப்ட்லதான் முட்டிமோதிக்கிட்டு இறங்குறாங்க; காலையில ஒரு மணி நேரம் லேட்டா வரலாம்னு ஆனதுலேருந்து ஏழு மாடியும் உங்களைத்தான் சார் கும்பிடுது!"