மெஷினிடம் பேரம் பேசியவன்

உங்களைத்தான் சொல்கிறேன். பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டாம், பின்னால் யாரும் இல்லை. நீங்கள் எனக்குச் செய்தது பச்சை அநியாயம். முப்பது வருஷம் தலை நிமிர்ந்து நடந்த தெருவில் இன்றைக்குக் குடையை விரித்துக்கொண்டு போகிறேன். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. முகம் தெரியக் கூடாது. அதற்குத்தான் குடை.

உங்கள் பெயரை எழுத மாட்டேன். அந்த மரியாதை எனக்குத் தெரியும். வாராவாரம் பத்திரிகை போடுகிறவர், எந்தக் கதை வரலாம், எது வரக் கூடாது என்று முடிவு கட்டுகிறவர் என்றால் உங்களுக்கே புரியும். மற்றவர்களுக்கு நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் தொழில் பழைய மேசை நாற்காலி. எங்காவது ஓர் ஆபீசை மூடுகிறார்கள் என்றால், அந்த மேனேஜர் கண்ணீர் விடுவதற்கு முன்னால் நான் போய் நிற்பேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் அடிபட்டுப் படித்தது. பேரத்தில் என்னை ஜெயித்தவன் கிடையாது. “மேசைக்காரர் வர்றாரு” என்று யாராவது சொன்னால் போதும், விற்கிறவன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துக்கொள்வான்.

இந்த மேசைக்காரருக்கு ஒரே ஓர் ஆசை. உங்கள் பத்திரிகையில் ஒரு நகைச்சுவைக் கதை. மேலே என் பெயர், இனிஷியலோடு. அவ்வளவுதான். பதினோரு கதை அனுப்பினேன். பதினொன்றும் திரும்பி வந்தன. கடைசிக் கதையோடு ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தீர்கள்:

‘உங்கள் கதையில் கணவன் ஒன்பது பக்கம் பேசுகிறார். மனைவி கடைசியில் “சரிங்க” என்கிறார். இது கதையா, கனவா?’

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சீட்டைக் கிழித்தேன். பிறகு ஒட்டவைத்து இன்னொரு தடவை படித்து, இன்னொரு தடவை கிழித்தேன்.

மனைவி பேச வேண்டுமாம்! அதற்கு என் வீட்டில் பஞ்சமா? குடிநீர் ஆபீசில் புகார் வாங்கும் பிரிவில் என் வீட்டுக்காரிக்கு வேலை. காலையிலிருந்து மாலை வரை ஊரே போனில் கத்தும். ஒரு காதில் வாங்கிக்கொண்டே படபடவென்று டைப் அடித்து, கத்தினவனையே “மன்னிச்சுக்கோங்கம்மா” என்று சொல்ல வைத்துத்தான் போனை வைப்பாள். ஆனால் அவளிடம் போய் “எனக்கு ரெண்டு வசனம் குடு” என்று கேட்பதா? கேட்டால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாள்.

அப்போதுதான் எதிர்க்கடைக் கண்ணாடிக்காரர் வந்தார். ஆளுயரக் கண்ணாடி விற்கிறவர்.

“அண்ணே, இப்பல்லாம் கதை எழுதவே மெஷின் வந்தாச்சு. செயற்கை நுண்ணறிவுன்னு பேரு. கேட்டதை எழுதிக் குடுக்கும்.”

“எதிர்த்துப் பேசுமா?”

“சேச்சே, பேசவே பேசாது.”

“அப்ப மனைவி வசனத்தை எப்படிய்யா எழுதும்?”

கண்ணாடிக்காரர் யோசித்தார். “சும்மா கேட்டுத்தான் பாருங்களேன்,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். கதை கையில் இருந்தது. சொந்த அனுபவம். போன வருஷம் பன்னிரண்டு பேர் உட்காரும் மீட்டிங் மேசை ஒன்றை அடித்துப் பேசி வாங்கி, நம் வீட்டுக்கே இருக்கட்டும் என்று கொண்டுவந்தேன். வாசலில் நுழையவில்லை. பதினாறு நாள் படிக்கட்டில் நின்றது. மாடி வீட்டுக்காரர்கள் அதன் அடியில் தவழ்ந்து ஆபீசுக்குப் போனார்கள். என் கதையில் மட்டும் மேசை நுழைந்துவிடும். கணவனின் சாமர்த்தியத்தைப் பார்த்து மனைவி வாயைப் பிளப்பாள். அவள் நடுவில் கொஞ்சம் பேச வேண்டும். அதுதான் பாக்கி.

எந்தச் சரக்கு வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், அதுதான் வியாபாரம். ‘மனைவி. வாய் நீளம். மூளை மட்டு. கோபம் வந்தால் பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். என் வீட்டுக்காரி மாதிரியே எழுது’ என்று தட்டினேன். எழுத்து எழுத்தாகத் தேடித் தட்ட எனக்கு அரை மணி ஆனது. மெஷினுக்கு மூன்று வினாடி:

‘அன்புள்ள கணவரே, மேசை படிக்கட்டில் நிற்பது எனக்குச் சற்று வருத்தம் அளிக்கிறது. ஆயினும் உங்கள் முயற்சியை மதிக்கிறேன். வாருங்கள், இருவரும் இணைந்து தீர்வு காண்போம்.’

எந்த வீட்டில் ஐயா இது நடக்கிறது? எனக்கு அந்த விலாசம் வேண்டும்.

‘இன்னும் காரம் போடு’ என்றேன்.

‘நீங்கள் சொல்வது முற்றிலும் சரி’ என்றது. ‘அன்புள்ள’ என்பதை எடுத்துவிட்டது. அவ்வளவுதான் அதன் காரம்.

‘இது மனைவி இல்லை, பேங்க் மேனேஜர்’ என்றேன்.

‘மிக நுட்பமாகக் கவனித்திருக்கிறீர்கள்’ என்றது.

‘நீ ஒரு முட்டாள்’ என்றேன்.

‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்றது.

பேரத்தில் இப்படி ஒரு பார்ட்டியை நான் பார்த்ததே இல்லை. முறைத்தால் கும்பிடுகிறது. திட்டினால் நன்றி சொல்கிறது. இப்படிக் குழைகிறவன் நல்ல சரக்கை உள்ளே ஒளித்து வைத்திருக்கிறான் என்று அர்த்தம். அதை வெளியே வரவழைக்க என்னிடம் ஒரு வித்தை உண்டு. எழுந்து போய்விடுவது. ‘உன் சரக்கே வேண்டாம், நான் வரேன்’ என்று திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். பத்தடிக்குள் கூப்பிடுவான். வீம்பு பிடித்தவன் என்றால் இருபதடி. இதுவரை என்னைக் கூப்பிடாமல் விட்டவன் எவனும் இல்லை.

‘உன் வசனம் எனக்கு வேண்டாம். நான் போறேன்’ என்று தட்டிவிட்டுச் செருப்பை மாட்டினேன். கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. அணைத்துவிட்டால் அது எப்படிக் கூப்பிடும்?

“எங்க கிளம்பிட்டீங்க?” என்றாள் வீட்டுக்காரி.

“பேரம் நடக்குது.”

“யாரோட?”

“சொன்னா உனக்குப் புரியாது.”

“சரிங்க,” என்றாள்.

பார்த்தீர்களா ஆசிரியரே, ‘சரிங்க’ என்றாள்! கனவாம், கனவு!

தெருமுனையில் ஒரு டீயை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றேன். திரும்பி வந்து பார்த்தால் திரையின் அடியில் புதுச் சரக்கு:

‘ஏங்க, பேரம் பேசறப்ப விலையைக் குறைச்சீங்களே, அப்படியே நீளத்தையும் ரெண்டடி குறைச்சிருக்கக் கூடாதா?’

அடுத்தது: ‘மேசை வீட்டுக்குள்ள வராதுன்னா, வீட்டை மேசைக்கு அடியில கொண்டு போயிடலாம். நாலு பேர் தாராளமாப் படுக்கலாம். மாடிக்காரங்களுக்கு மட்டும் ஒரு ஓரமா வழி விட்டுடணும்.’

அதற்கும் கீழே: ‘பன்னிரண்டு பேர் உட்கார்ற மேசையா? உங்க பேச்சைக் கேட்டுக்கிட்டு உட்கார இன்னும் பதினோரு பேர் கிடைச்சப்பறம் வாங்கியிருக்கலாமே.’

துள்ளிக் குதித்தேன். மெஷின் இறங்கி வந்துவிட்டது! “பேரத்துல மெஷினையே மடக்கின மொத ஆள் நான்தான்,” என்று அவளிடமே போய்ச் சொன்னேன்.

“அப்படிங்களா!” என்றாள். துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு சட்டையை நாலு தடவை மடித்தாள்.

நாலு ஞாயிறு இப்படியே போனது. திட்டுவேன், எழுந்து போவேன், டீ குடிப்பேன், திரும்பி வருவேன். ஒவ்வொரு தடவையும் சரக்கு பிரமாதம். ஒரே ஒரு குறை. கணவனின் வசனம் தேய்ந்துகொண்டே வந்தது. மூன்றாவது ஞாயிறு, மேசை நுழையவே இல்லை. நாலாவது ஞாயிறு, மனைவி தச்சரைக் கூப்பிட்டு மேசையை இரண்டாக அறுத்து, ஒரு பாதியை மாடி வீட்டுக்கே கொடுத்துவிட்டாள். கணவன் “சரிம்மா” என்றான். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். ஆனால் படிக்கப் படிக்கச் சிரிப்பும் வந்து தொலைத்தது. சிரிப்பு வந்தால் நல்ல சரக்கு. என் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன்.

நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள். கடிதம் வந்த அன்றைக்குத் தெரு முழுக்கக் காட்டினேன். கண்ணாடிக்காரர் என்னைத் தன் கடை நடுவில் நிறுத்தினார். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓர் எழுத்தாளர் நின்றார்.

கடிதத்தோடு ஒரு படிவம் வைத்தீர்கள். உங்கள் வேலை அங்கேதான் ஆரம்பித்தது. ‘மெஷின் எழுதிய கதைகளை நாங்கள் வெளியிடுவதில்லை. இது மனிதர் எழுதியதுதான் என்று உறுதி கூறிக் கையெழுத்திடவும். எழுத உதவிய கருவி ஏதேனும் இருப்பின் குறிப்பிடவும்.’

நான் கோபக்காரன். கத்துவேன், கண்ட இடத்தில் குத்துவேன். ஆனால் ஒட்டுப்போட்ட காலை முழுக்கால் என்று சொல்லி ஒரு நாற்காலி விற்றதில்லை. பொய்க் கையெழுத்துப் போட முடியாது. போடாவிட்டால் கதை வராது. தெருவுக்கே சொல்லியாயிற்று. மூன்று நாள் படிவத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். கடைசியில் வீட்டுக்காரியிடமே கொட்டிவிட்டேன்.

“தாராளமாக் கையெழுத்துப் போடுங்க,” என்றாள்.

“எப்படிடி போடறது? வசனமெல்லாம் மெஷின் எழுதினது.”

“மெஷின் எழுதலை.”

“உனக்கு என்ன தெரியும்?”

“எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? எழுதினதே நான்தானே.”

கம்ப்யூட்டரைத் திறந்தாள். திரையை மேலே தள்ளினாள். தள்ளத் தள்ள வந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுச் சரக்குக்கும் மேலே அவள் தட்டியிருந்தாள்: ‘நான் எழுதறதை ஒரு எழுத்துக்கூட மாத்தாம அப்படியே திருப்பிச் சொல்லு.’ அதுவும் திருப்பிச் சொல்லியிருந்தது. நாலு ஞாயிறும்.

ஒரு ஸ்டூல் வாங்கினால்கூடக் கவிழ்த்துப் போட்டு அடியில் ஆணி எண்ணுகிறவன் நான். அந்தத் திரையை ஒரு தடவை மேலே தள்ளிப் பார்க்கவில்லை.

“ஏன் இப்படிப் பண்ணினே?”

“தூசி தட்டலாம்னு வந்தேன். நீங்க திறந்து போட்டுட்டுப் போயிட்டீங்க. ‘வாய் நீளம், மூளை மட்டு’ன்னு இருந்துது. சரக்கைப் பத்தித் தப்பா விளம்பரம் பண்ணியிருக்காங்களே, திருத்திடுவோம்னு உட்கார்ந்தேன்.”

“பாத்திரத்தை நங்குன்னு வைப்பேன்னும்தான் எழுதியிருந்தேன்.”

“அது உண்மை. அதுல கை வைக்கலை.”

பலமான அடிதான். இருந்தாலும் வியாபாரி. சுதாரித்துக்கொண்டேன்.

“சரி, ஆனது ஆச்சு. கரு என்னோடது. மேசை என்னோடது. படிக்கட்டுல மாட்டிக்கிட்டு முழிச்சது நான்.”

“யாரு இல்லைன்னா?”

“அதனால என் பேர்லயே வரட்டும்.”

“பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன்னு இப்பதானே சொன்னீங்க?”

“சரி, ரெண்டு பேர் பேரும் வரட்டும். அதுக்குக் கீழ நான் இறங்க மாட்டேன்.”

சண்டைக்குத் தயாராகச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன்.

“வரட்டுமே,” என்றாள். “உங்க பேர் இல்லாம எப்படிங்க? இனிஷியலோட போட்டுடலாம். படிவத்தைக் குடுங்க, நானே எழுதிடறேன். உங்க எழுத்து அவங்களுக்குப் புரியாது.”

முதல் பேச்சிலேயே முடிந்துவிட்டது! ஜெயித்த மயக்கத்தில், அவள் விரலை வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். மேலே எழுதியிருந்ததன் மீது அவள் முழங்கை இருந்தது. முழங்கையை எடு என்று சொல்லத் தோன்றவில்லை.

போன வாரம் உங்கள் பத்திரிகை வந்தது. கண்ணாடிக்காரர்தான் வாங்கிவந்தார். கடைத்தெருவே கூடிவிட்டது. மேலே கொட்டை எழுத்தில் ஆசிரியர் பெயர். அவள் பெயர். அவள் பெயர் மட்டும். என் பெயரைத் தேடினோம். கண்ணாடிக்காரர் பூதக்கண்ணாடி கொண்டுவந்தார். கடைசி வரிக்கும் கீழே, மாத்திரை அட்டையில் தேதி போடுகிற பொடி எழுத்தில் இருந்தது:

‘இக்கதை மனிதர் எழுதியது. எழுத உதவிய கருவி:’

அதற்குப் பக்கத்தில் என் பெயர். இனிஷியலோடு. எழுத்துப் பிழை இல்லாமல்.

“அண்ணே,” என்றார் கண்ணாடிக்காரர், “உங்களுக்கு வாரண்டி எத்தனை வருஷம்?”

வீட்டுக்கு ஓடினேன்.

“என்னடி இது?”

“உங்க பேர் வரணும்னீங்க. வந்திருக்கு.”

“கருவின்னு வந்திருக்குடி!”

“கரு உங்களோடதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“விளையாடாதே!”

“பின்ன என்னன்னு போடறது? நாலு ஞாயிறும் நீங்க எழுந்து வெளியில போனதாலதான் எனக்கு எழுத நேரம் கிடைச்சுது. நீங்க வீட்டுல இருந்திருந்தா ஒரு வரி வந்திருக்குமா? அவ்வளவு பெரிய உதவியை மறைக்கலாமா? படிவத்துல உண்மையைத்தானே எழுதணும்?”

உங்கள் ஆபீசுக்குப் போன் போட்டேன். கதை அனுப்பினவன் ஒருத்தன், படிவத்தில் பெயர் இன்னொன்று, வீட்டுக்குப் போன் பண்ணி விசாரிக்க மாட்டீர்களா என்று கத்தினேன். “விசாரிச்சோமே சார், எழுத்தாளர்தான் எடுத்துப் பேசினாங்க. வாரம் ஒரு கதை குடுக்கறதா ஒத்துக்கிட்டாங்க,” என்றது ஒரு பெண் குரல். கொஞ்சம் நிறுத்தி, மரியாதையாகவே கேட்டது: “நீங்க கருவி சாருங்களா?”

கருவி சார்!

பொறுத்தது போதும். அடுத்த இதழில் நீங்கள் திருத்தம் போட்டாக வேண்டும். வாசகத்தை நானே தருகிறேன்: ‘சென்ற இதழில் ஒருவரைக் கருவி என்று குறிப்பிட்டிருந்தோம். அவர் மனிதர். வருந்துகிறோம்.’ முதல் பக்கத்தில் போட வேண்டும். கொட்டை எழுத்தில். கட்டம் கட்டி. இதில் பேரமே கிடையாது. சரி, மூன்றாம் பக்கம் போதும். கட்டம்கூட வேண்டாம். ஆனால் வந்தே ஆக வேண்டும், சொல்லிவிட்டேன். அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் மட்டும் வீட்டுக்கு ஒரு போன் செய்து, அவளை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.