அப்பாவின் வண்டியும் நான் தேய்த்த தகடும்

ஒரு பொருளைத் தேய்க்க எல்லோருக்கும் தெரியும். எப்போது நிறுத்த வேண்டும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. இருபத்திரண்டு வயதில், பி.காம். முடித்து, வேலை கிடைக்காமல் கையில் உப்புத்தாளோடு உட்கார்ந்திருந்த எனக்கு அது சுத்தமாகத் தெரியாது.

அறுபதுகளின் கடைசி. தாம்பரத்தில் எங்கள் வீடு. அப்பா காசநோய் ஆஸ்பத்திரியில் மாசக்கணக்காகப் படுத்திருந்தார். அவர் ஏரிகளைப் பார்வையிடும் ஓவர்சீயர். படப்பைப் பக்கம் அவர் மோட்டார் சைக்கிள் போகாத கரையே இல்லை. யுத்தம் முடிந்து ராணுவம் ஏலம் விட்ட இங்கிலீஷ் வண்டி அது. அவர் படுத்ததும் வண்டியும் கொல்லையில் படுத்துவிட்டது. சீட்டுக்கடியில் கோழி முட்டையிட ஆரம்பித்திருந்தது.

ஒருநாள் டாக்டர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே வீட்டுல வச்சே பாத்துக்குங்கம்மா" என்றார். அதன் அர்த்தம் அம்மாவுக்கும், எனக்கும், தங்கை பிலோமினாவுக்கும் புரிந்தது. அப்பாவுக்கு அதற்கும் முன்பே புரிந்திருக்க வேண்டும். அவர் கேட்டது ஒன்றுதான்.

"ஜோசப்பு, நான் வீட்டுக்கு வர்றன்னைக்கு என் வண்டிய எடுத்துட்டு வாடா. டாக்சியெல்லாம் வேணாம்."

அன்றே கோழியைக் காலி செய்ய வைத்தேன். எஞ்சினைத் தெருமுனை மெக்கானிக்கிடம் கொடுத்தேன். ஃபிரேமுக்குப் பெயிண்ட் அடிப்பதை மட்டும் நானே வைத்துக்கொண்டேன். (அதையும் அவரிடமே கொடுத்திருக்கலாம். ஆனால் மகன் என்று ஒருவன் எதற்கு இருக்கிறான்?)

ஹேண்டிலுக்குக் கீழே, வண்டியின் கழுத்தில் ஒரு சின்னப் பித்தளைத் தகடு. அதில் ஃபிரேம் நம்பர். பெயிண்ட் அடிக்க இடைஞ்சலாக இருந்ததால் உளியை வைத்து நெம்பி எடுத்தேன். ஒரு மூலை மடங்கியது. தகட்டில் களிம்பு ஏறியிருந்தது. புளி போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. சாம்பல், போகவில்லை. உப்புத்தாளை எடுத்தேன். களிம்பு போனது. தகடு தங்கம்போல் மின்னியது. நம்பரும் போயிருந்தது.

தகடு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் இரும்பில் ஏதோ வரிவரியாகக் கீறல்கள். அதைப் பட்டி வைத்து அடைத்து, வழவழவென்று தேய்த்து, மேலே கறுப்புப் பெயிண்டை மூன்று தடவை அடித்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. என் முகமே தெரிந்தது. அந்த முகத்தில் அப்போது பெருமை வேறு.

நம்பர் இல்லாத தகட்டை மாட்ட முடியாதே. ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து நம்பரை எழுதிக்கொண்டு பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனேன். அங்கே பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

"இன்னா பேரு போடணும்?"

"பேரில்லைங்க, நம்பர்."

"சீர் தட்டா?"

"இல்ல, வண்டிக்கு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, புள்ளி புள்ளியாக நம்பரை வெட்டினார். இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்ததால், அவராகவே பக்கத்துக்கொரு தாமரைப்பூ போட்டுக் கொடுத்தார். அழகாகத்தான் இருந்தது.

அப்பாவை அழைத்துவர வேண்டிய காலையில், அம்மாவும் பிலோமினாவும் முன்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். நான் வண்டியில் கிளம்பினேன். மெயின் ரோட்டில் போலீஸ் நிறுத்தியது. அந்தச் சமயம் வண்டித் திருட்டு அதிகமாம். கான்ஸ்டபிள் குனிந்து தகட்டைப் பார்த்தார்.

"இன்னாடா இது, பூ போட்டுக்கீது?"

"தகடு சார்."

"தகடா, தாம்பாளமா?"

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் வண்டியின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். "தகட்டைப் பேத்திருக்க. நம்பரை அழிச்சு வேற வெட்டியிருக்க. இரும்புல அடிச்ச நம்பர் இருக்கணும், அதையும் பட்டி வச்சு மூடியிருக்க. எத்தனை வருஷமாடா இந்தத் தொழில் பண்ற?"

கீறல் என்று நான் நினைத்தது என்னவென்று அப்போதுதான் உறைத்தது.

"எங்கப்பா வண்டி சார்."

"எல்லாத் திருடனும் அதான் சொல்றான்." கான்ஸ்டபிள் கன்னத்தில் ஒன்று விட்டார். காது ஙொய் என்றது. சட்டையைக் கழற்றச் சொல்லி மூலையில் உட்கார வைத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அப்பா மூட்டையோடு காத்திருப்பார் என்று சொல்லிச் சொல்லி அழுததில், விசாரிக்க ஒரு ஆளை அனுப்பினார்கள்.

மத்தியானம் டாக்சி ஒன்று வந்து நின்றது. வேண்டாம் என்று அவர் சொன்ன அதே டாக்சி. சால்வை போர்த்திய அப்பாவை அம்மாவும் பிலோமினாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினார்கள். உள்ளே வந்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு இருமினார். கான்ஸ்டபிள்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் மட்டும் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். "உங்க பையனா? உங்க வண்டியா?"

அப்பா என்னைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். தாமரைப்பூவை ரொம்ப நேரம் பார்த்தார்.

"பையன் என் பையன்தான் சார். வண்டிதான் என்னோடது மாதிரி தெரியல."

பிலோமினா சிரித்துவிட்டாள். அழுகையோடு சேர்ந்து வந்த சிரிப்பு. நிறுத்த முடியாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

அப்பா பேனாக்கத்தி ஒன்றைக் கேட்டு வாங்கினார். நான் மூன்று தடவை அடித்த பெயிண்டை அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினார். கறுப்பு உரிந்தது, பட்டி உதிர்ந்தது, இரும்பில் நம்பர் எட்டிப் பார்த்தது. சப்-இன்ஸ்பெக்டர் என்னிடமிருந்து வாங்கி வைத்திருந்த ஆர்.சி. புத்தகத்தைப் பிரிப்பதற்குள் அப்பா நம்பரைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார்.

"திருடன்கூட இவ்வளவு சுத்தமாப் பண்ண மாட்டான்" என்று சப்-இன்ஸ்பெக்டர் என் சட்டையைத் தூக்கிப் போட்டார்.

அம்மா எவ்வளவோ சொல்லியும் அப்பா டாக்சியில் ஏறவில்லை. ஓட்டுகிற தெம்பு இல்லை. எனக்குப் பின்னால் உட்கார்ந்தார். அந்த வண்டியில் அவர் பின்சீட்டில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. காகிதக்கட்டு அளவுக்குக்கூட கனமில்லை.

"தகட்ட எதுக்குடா தொட்ட?"

"பளபளன்னு இருக்கட்டும்னு."

"யார் பார்க்க?"

'நீங்க பார்க்கத்தான்' என்று சொல்லியிருக்கலாம். கியரை மாற்றினேன். வீடு வரும்வரை அவர் என் தோளில் வைத்த கையை எடுக்கவில்லை.

மழைக்காலம் வருவதற்குள் அப்பா போய்விட்டார். கல்லறைக்குப் பளிங்குக்கல் வைத்து, அதில் பேரும் தேதியும் பொறித்தோம். முதல் கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி, பூ எல்லாம் எடுத்துக்கொண்டு போனோம். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, கல்லைத் துடைக்கத் துணியை நனைத்தேன். அம்மா பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டார்.

"நீ தொடாதே. பேரு போயிடும்."

இன்றைக்கு எனக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்மாவும் அப்பாவுக்குப் பக்கத்திலேயே போய்ப் படுத்துவிட்டார். ஒவ்வொரு நவம்பரும் அந்தப் பொடியன்கள்கூட ஆளுக்கொரு துணியோடு கல்லைத் துடைக்கிறார்கள். எனக்குப் புல் பிடுங்குகிற வேலைதான். அதையும் பிலோமினா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.