அசையாதே சாரும் ரஷ்யாக் கண்ணாடியும்

செஞ்சிக் கோட்டையை எத்தனையோ ராஜாக்கள் மாறி மாறிப் பிடித்தார்களாம். அத்தனை பேரும் சேர்ந்து இந்த ஊருக்கு மூட்டாத ஆத்திரத்தை அசையாதே சார் ஒற்றை ஆளாக எனக்கு மூட்டினார். இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது.

அவருடைய சொந்தப் பேர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. சர்வேயராக இருந்து ரிட்டயரானவர், பக்கத்து வீட்டில் தனியாக இருந்தார். கழுத்தில் எப்போதும் ஒரு பழைய கேமரா தொங்கும். அதைக் கண்ணில் வைத்ததும் "அசையாத" என்று ஒரு அதட்டல். மனுஷரை மட்டுமில்லை, ஆட்டை அதட்டுவார், கொடியில் காயும் துணியை அதட்டுவார். ஒரு தடவை கோட்டையின் ராஜகிரி மலைக்கு மேலே போன மேகத்தையே அதட்டியதை நான் காதால் கேட்டேன். மேகம் நிற்கவில்லை. அன்று பொழுதுக்கும் அந்த மேகத்தின் மேல் கோபமாக இருந்தார்.

ரஷ்யா பெரிய தேசமாக, பக்கத்து நாடுகளையெல்லாம் சேர்த்துக்கொண்டு இருந்த காலத்தில் செய்த கேமரா லென்ஸ் என்றால் அவருக்குப் பைத்தியம். எங்கிருந்தெல்லாமோ பார்சல் வரும். இருபத்து மூன்று சேர்த்து வைத்திருந்தார். ஃபோனிலேயே நன்றாக விழுகிறதே சார் என்று என் பேத்தி ஒரு வார்த்தை கேட்டுவிட்டாள். ஒரு வாரம் எங்கள் வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. எட்டாம் நாள் ஒரு லென்ஸைக் கொண்டுவந்து, அதன் வாயைச் சுற்றி இருந்த ரஷ்யா எழுத்தை எனக்குக் காட்டினார். எனக்கு ரஷ்யா எழுத்தும் ஒன்றுதான், ரேஷன் கார்டில் இருக்கிற எழுத்தும் ஒன்றுதான். "நல்லா வரிசையா இருக்குது சார்" என்றேன். இந்தத் தெருவிலேயே விஷயம் தெரிந்த ஆள் நான்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மரியாதை சித்திரை வெயில் வரைக்கும்தான் தாங்கியது. பழைய லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்குமாம், வெயிலில் வைத்தால் போகுமாம். எங்கள் ரெண்டு வீட்டுக்கும் மாடி ஒன்றுதான். நான் வேட்டி விரித்து வடகம் பிழிந்துவிட்டு மோர் குடிக்க இறங்கினேன். சார் பார்த்திருக்கிறார், மெத்தென்று துணி இருக்கிறதே என்று. அடியில் காற்று போகட்டும் என்று ஒவ்வொரு லென்ஸையும் தீப்பெட்டிகள் மேல் தூக்கி நிறுத்தி, என் வேட்டி ஓரமாக வரிசை வைத்துவிட்டார். எங்கள் ஊர் வெயிலைப் பற்றித் தெரியாதா? சுற்றிலும் பாறை, மேலேயும் காயும் கீழேயும் காயும். நான் ஏறி வரும்போது லென்ஸ் வழியாக வெயில் குவிந்த இடமெல்லாம் வேட்டி புகைகிறது. ஏழு ஓட்டை. வடகம் பிழிந்த அன்றைக்கே வறுபட்டுக் கிடந்தது.

நான் போட்ட சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது என்பார்கள். இனிமேல் அந்தக் கண்ணாடிகள் மூடி இல்லாமல் வெளியே வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். சாருக்கும் உறைத்தது. அந்தக் கேமராவுக்குள் வெளிச்சத்தை மறைக்கிற திரையும் துணிதானாம், வெயில் பட்டால் அதுவும் பொசுங்குமாம். அன்று முதல் எல்லா லென்ஸுக்கும் கருப்பு மூடி. அந்தச் சத்தத்தை நான் போடாமலே இருந்திருக்கலாம்.

ஏனென்றால் அடுத்து என் தங்கச்சி குப்பு வந்தாள். சீயமங்கலத்தில் கட்டிக் கொடுத்தவள். முன்பு தன் மகன் கல்யாணத்துக்கு நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து என்னை அழைக்காமல், ஃபோனில் சொன்னாள். கூடப் பிறந்தவளுக்கு ஃபோனிலா அழைப்பு? நான் போகவில்லை. பதினொரு வருஷம் பேச்சில்லை. பேத்தி என்னைக் கேட்காமல் தன் வளைகாப்புக்குச் சின்னப் பாட்டியை அழைத்துவிட்டாள். வந்தாள். சாப்பிட்டாள். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்தும் அப்பளத்தைத்தான் பார்த்தாள். நானும் அப்பளத்தைத்தான் பார்த்தேன்.

அக்கா தங்கச்சி சேர்ந்து ஒரு படம் என்று பிள்ளைகள் ஃபோனைத் தூக்கினார்கள். சார் விடவில்லை. ஆளாளுக்கு எடுத்தால் பார்வை சிதறும், எல்லாம் உள்ளே வையுங்கள் என்று விரட்டிவிட்டார். அப்புறம் டேப்பை எடுத்தார். அவருடைய லென்ஸ் ஒரு கேமராவுக்குச் செய்தது, கேமரா வேறொன்று; ரெண்டுக்கும் தூரக் கணக்கு ஒத்துப்போகாதாம். அதனால் கேமராவின் முதுகிலிருந்து என் மூக்கு வரைக்கும் டேப் பிடித்து அளந்தார். பிறகு குப்பு மூக்கு. குப்பு மூக்கு கொஞ்சம் முன்னால் வருகிறது என்று அவளைப் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னார். குப்புவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அவள் தோள் என் தோளில் இடித்தது. "அசையாத, வாயத் தொறக்காத" என்றார். டக்கென்று ஒரு சத்தம்.

அவ்வளவுதான். குப்பு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். போய் வருகிறேன் என்றுகூட என்னிடம் சொல்லவில்லை. படம் வரட்டும், கண்ணாடிச் சட்டம் போட்டு அவளுக்கு அனுப்புவோம், அந்தச் சாக்கில் பேச்சு தொடங்கிவிடும் என்று நான் உள்ளுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். வேறு சாக்கு என்னிடம் இல்லை.

ஃபிலிம் சுருள் முடிந்தால்தான் மெட்ராஸுக்குக் கழுவ அனுப்புவாராம். முடிக்க மூன்று வாரம் எடுத்தார். தினம் கோட்டைக்குப் போய் ஒரு கல்லை எடுத்துவிட்டு வருவார். "அந்தக் கல்லு எங்கயாவது ஓடிப் போயிடுமா சார்? சீக்கிரம் முடிங்க" என்று நானும் தினம் கத்துவேன்.

கடைசியில் கூரியர் வந்தது. சார் ஃபிலிமைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நின்றார். முகம் செத்துப்போயிருந்தது.

"முப்பத்தஞ்சு கல்லும் நல்லா விழுந்திருக்குதும்மா. நடுவுல ஒண்ணு மட்டும் ஒண்ணுமே இல்ல. மூடியக் கழட்டல போல."

அந்தக் கேமராவில் பார்க்கிற ஜன்னல் வேறு, படம் பிடிக்கிற லென்ஸ் வேறு. மூடி போட்டிருந்தாலும் ஜன்னலில் ஆள் பளிச்சென்று தெரிவாராம்.

"கருப்பா ஒரு மூடி இருந்துச்சு சார். நான் பார்த்தேன். குப்புவும் பார்த்தா."

"பார்த்தீங்களா? அப்ப ஏன் சொல்லல?"

"நீங்கதான வாயத் தொறக்காதன்னீங்க. ரஷ்யா சாமான், இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அப்புறம் நான் பேசியதை இங்கே சொல்ல முடியாது. மூடியைப் பற்றிப் பேசினேன், டேப்பைப் பற்றிப் பேசினேன், குப்பு வைக்காத வெற்றிலை பாக்கைப் பற்றிப் பேசினேன், ரஷ்யாவையும் விடவில்லை. சார் ஃபிலிமைச் சுருட்டிக்கொண்டு போனார். மறுநாள் வீடு பூட்டிக் கிடந்தது. பயந்து ஓடிவிட்டார் என்று நினைத்தேன்.

சாயங்காலம் தெருமுனையில் குப்பு வருகிறாள். கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை, பாக்கு, பூ. பின்னால் சார். அந்த ஆள் பஸ் மாறிச் சீயமங்கலம் போய், என் பேரைச் சொல்லி, நான் கொடுத்தனுப்பியதாக வெற்றிலை பாக்கு வைத்து அவளை அழைத்துவிட்டார். பதினொரு வருஷம் வளையாத என் கழுத்தை என்னைக் கேட்காமலே வளைத்துவிட்டார்.

"ஏன்க்கா, இதைக் குடுத்தனுப்ப உனக்குப் பதினொரு வருஷம் ஆச்சா?" என்றாள் குப்பு. அழுதுகொண்டிருந்தாள்.

நான் அனுப்பவில்லை என்று எப்படிச் சொல்வேன்? தாம்பாளத்தை வாங்கிக்கொண்டேன். சாரை ஒரு பார்வை பார்த்தேன். நான் பார்த்த விதத்திலேயே குப்புவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவளும் திரும்பி அவரை முறைத்தாள். அந்த நேரம் பார்த்து டக்கென்றது கேமரா. டேப் இல்லை, அதட்டல் இல்லை. அதட்ட முடியாது, மூடியைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார்.

போன தை மாதம் சாருடைய மகள் வந்து அவரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாள். படம் என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. குப்பு மாதம் ஒரு தடவை வந்துவிடுகிறாள். வந்தால் நாங்கள் ரெண்டு பேரும் அதன் கீழேதான் உட்காருவோம். படத்தில் ரெண்டு கிழவிகளும் யாரையோ அடிக்கப் போகிற மாதிரி முறைத்துக்கொண்டு நிற்கிறோம். அவர் முகம் எங்களிடம் ஒரு படத்திலும் இல்லை. எங்கள் முறைப்பு போய் முடிகிற இடத்தில்தான் அவர் நின்றுகொண்டிருக்கிறார்.