நிச்சயதார்த்தத்துக்கு நான் சுட்ட கசப்பு ரொட்டி

பொய் சொல்வது சுலபம். சொன்ன பொய்யைப் பிசைந்து, உப்பவைத்து, அடுப்பிலேற்றி, சம்பந்தி வீட்டாருக்குத் தட்டில் வைத்துப் பரிமாற வேண்டிவந்தால்தான் சங்கடம். பத்தொன்பது வயதில் எனக்கு அந்தச் சங்கடம் நேர்ந்தது. (வயதைக் குறைத்துச் சொல்லவில்லை. புத்தியைத்தான் அப்போது குறைவாக வைத்திருந்தேன்.)

யுத்தகாலத்தில் சோல்ஜர்களுக்காக ஓய்வில்லாமல் ஓடிய பீர் தொழிற்சாலை ஒன்று திருவொற்றியூர் போகிற ரோட்டில் இருந்தது. யுத்தம் முடிந்ததும் அங்கிருந்த வெள்ளைக்கார நிபுணர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். இனி உள்ளூர்ப் பிள்ளைகளைப் பழக்கிக்கொள்ளலாம் என்று நிர்வாகம் தொழிற்சாலைக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடம் திறந்தது. பீர் காய்ச்சக் கற்றுத்தரும் பள்ளிக்கூடம். இரண்டு வருஷப் படிப்பு, முடிவில் சர்டிபிகேட், ஆறே ஆறு மாணவர்கள். அதில் நானும் ஒருவன்.

இதைப் போய் அம்மாவிடம் எப்படிச் சொல்வது? என் அப்பா ஹார்பரில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர். கிடைத்ததையெல்லாம் குடித்து, ஈரல் கெட்டு, எங்களை விட்டுப் போனவர். அதற்குப் பிறகு ராயபுரம் மார்க்கெட்டில் மீன் விற்று என்னையும் என் அக்கா லோகநாயகியையும் வளர்த்தவள் அம்மா. எங்கள் வீட்டில் காலி சோடா பாட்டிலைக் கூடப் பார்வையில் படும்படி வைக்கக் கூடாது. அப்படிப்பட்டவளிடம், "அம்மா, நான் சாராயத்துக்குச் சித்தப்பா முறையான ஒன்றைக் காய்ச்சப் படிக்கிறேன்" என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"ரொட்டி செய்யுற ஸ்கூலும்மா. மாவு உப்பறதுக்கு ஈஸ்ட்டுன்னு ஒண்ணு போடுவாங்க. அதப்பத்திப் படிப்பு" என்றேன்.

பீரையும் நுரைக்க வைப்பது அதே ஈஸ்ட்தான் என்பதால், இது முழுப் பொய்யல்ல, முக்கால் பொய்தான் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "படி நைனா" என்று சொல்லிவிட்டு மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பள்ளிக்கூடம் என்றதும் நான் பெஞ்சு, கரும்பலகை, கண்ணாடிக் குழாய்கள் என்றெல்லாம் கற்பனை செய்திருந்தேன். முதல் நாள் எங்கள் வாத்தியார் ஹென்றி சார் (பெரம்பூர் ஆங்கிலோ இந்தியர், சிவந்த மூக்கு, சிரிக்கவே தெரியாத முகம்) ஆளுக்கொரு பிரஷ்ஷையும் வாளியையும் கையில் கொடுத்தார். "பீர் காய்ச்சறது அப்றம். மொதல்ல கழுவக் கத்துக்கோ. அழுக்கு பீப்பாய்ல ஊத்தினா ஆண்டவனே காய்ச்சின பீரும் புளிச்சிப் போவும்" என்றார்.

மூன்று மாதம் கழுவினேன். பீப்பாய்க்குள் தலைகீழாகத் தொங்கிக் கழுவினேன். குழாய், தொட்டி, தரை, சுவர் எல்லாவற்றையும் கழுவினேன். சக மாணவன் ஒருவன் அசந்து நின்றபோது அவன் முதுகையும் கழுவியிருக்கிறேன். பீர் எப்படிக் காய்ச்சுகிறார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் அது இருந்த இடம் தெரியாமல் செய்யச் சொன்னால் தமிழ்நாட்டிலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

இந்தச் சமயத்தில் அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் பிட்டர் வேலை, வீடு வியாசர்பாடியில். அக்காவுக்கு அப்போது இருபத்துநாலு வயது. குடிகாரன் மகள் என்றே ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இந்த மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்துமிருந்தது. (அவள் சொல்லவில்லை. ஒரு வாரமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.) ஆனால் மாப்பிள்ளையின் அப்பா தணிகாசலம் வியாசர்பாடி மதுவிலக்குச் சங்கத்தின் தலைவர். கதர்ச் சட்டை, கையில் கொடி, வாரந்தவறாமல் ஊர்வலம். தரகரிடம் அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: "அப்பங்காரன் கத போனதோட போவட்டும். இப்ப வூட்ல இருக்கறவங்க யாருக்கும் அந்தச் சனியனோட ஒட்டும் ஒறவும் இருக்கக் கூடாது."

பெண்ணின் தம்பி நாள் முழுக்க அந்தச் சனியனின் பீப்பாய்க்குள்தான் தலைகீழாகத் தொங்குகிறான் என்று தெரிந்தால் என்ன ஆகும்? அக்கா அந்தக் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்திவிடுவாள். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் செய்ய வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். புதன்கிழமை அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"எல்லார் வூட்லயும் கேசரி, பஜ்ஜி. நம்ம வூட்ல உன் கையால ரொட்டி. மூணு மாசமா படிக்கிறியே, சுட்டுக் குடு."

"ரொட்டி ஜுரம் வந்தவங்க துன்றதும்மா. நிச்சயத்துக்கு யாராச்சும் குடுப்பாங்களா?"

"நீ நல்லா சுடு, ஜுரம் இல்லாதவங்களும் துன்னுவாங்க. உன்னால ஆவலன்னா சொல்லிடு. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

"ஆவும்" என்றேன்.

வியாழக்கிழமை மறுபடி கேட்டாள். வெள்ளிக்கிழமையும் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் நான் முன்பைவிட உரக்க "ஆவும்" என்றேன். தெருவில் ஆறு வீட்டு ரேஷன் மாவை அக்கா போய்க் கேட்டு வாங்கி வந்துவிட்டாள். இனிப் பின்வாங்க வழியில்லை.

சனிக்கிழமை, பீர்த் தொட்டியின் மேலே திரளும் ஈஸ்ட்டை வழித்துக் கொட்டுகிற ஆளிடம் கெஞ்சி ஒரு கூஜா நிறைய வாங்கிக்கொண்டேன். அவர்கள் வேண்டாமென்று ஒதுக்குவதுதான் அது. பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று இருந்தது. எவ்வளவு போடுவது? எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கொஞ்சம் போட்டாலே உப்பும் என்றால், நிறையப் போட்டால் நிறைய உப்பும் அல்லவா? ஞாயிறு காலை கூஜாவை அப்படியே மாவில் கவிழ்த்துப் பிசைந்து, அண்டாவில் போட்டு மூடி வைத்தேன்.

ஒரு மணி நேரத்தில் மூடி தானாக எழுந்து நின்றது. ராயபுரம் வெயிலில் மாவு அண்டாவை விட்டு இறங்கி, தரையில் நடந்து, அக்காவின் புதுப் புடவை இருந்த பெட்டியை நோக்கிப் போனது. நான் ஒரு பக்கம் அமுக்கினால் மறு பக்கம் எழுந்தது.

"டேய், இது இன்னாடா பேஜாரு? உயிரோட கீதா?" என்றாள் அக்கா.

"அப்டித்தான் இருக்கும். இது உயர்ந்த முறை" என்றேன்.

அம்மா வாசலில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீடு முழுக்க ஒரு வாசனை. அதை எந்த ரொட்டிக் கடையிலும் முகர்ந்திருக்க முடியாது. நான் ஊதுவத்தி ஏற்றினேன். அதன் பிறகு பூஜை அறையில் பீர்க்கடை வைத்தது போலிருந்தது. மண் பரப்பிய தகர டின்னில் மாவை வைத்து, மேலும் கீழும் நெருப்புப் போட்டு, ஒருவழியாகப் பதினெட்டு ரொட்டி சுட்டு எடுத்தேன். பார்க்க அழகாகவே இருந்தன.

நாலு மணிக்கு அவர்கள் வந்தார்கள். தணிகாசலம், அவர் மனைவி, மாப்பிள்ளை, கூட நாலு உறவுக்காரர்கள். பாயில் உட்கார்ந்ததும் தணிகாசலம், "எங்க, தம்பி கைவண்ணத்தப் பாப்போம். தட்டு மாத்தறது அப்பால" என்றார். அக்கா ரொட்டித் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

முதலில் கடித்தது மாப்பிள்ளை. வேப்பங்கொட்டையைக் கடித்த மாதிரி அவர் முகம் கோணிக்கொண்டது. பீரில் போடுகிற ஹாப்ஸ் என்கிற காய்ந்த பூவின் கசப்பு முழுவதும் அந்த ஈஸ்ட்டில் ஏறியிருக்கும். ரொட்டிக்குப் போடுவதானால் அதைப் பச்சைத் தண்ணீரில் நாலைந்து தடவை கழுவ வேண்டும். அதை மறுநாள் ஹென்றி சார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மூன்று மாதமாக உலகத்தில் உள்ள அத்தனையையும் கழுவிய நான், கழுவ வேண்டிய அந்த ஒன்றை மட்டும் கழுவவில்லை.

அடுத்துத் தணிகாசலம் கடித்தார். மென்றார். மெல்ல மெல்ல அவர் கண்கள் மூடிக்கொண்டன. நான் கோபத்தை எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் இருந்ததோ, வெளியூர் ரயில்வே ஸ்டேஷனில் சொந்தக்காரனைப் பார்த்துவிட்ட சந்தோஷம். கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி இரண்டாவது துண்டை எடுத்தார்.

அப்போதுதான் அவர் மனைவி ஒரு வாய் கடித்து, மூக்கைச் சுளித்து, ரொட்டியை முகர்ந்து பார்த்தார்.

"இன்னாங்க இது, உங்க வாயு மருந்து வாசன அடிக்குது?"

தணிகாசலத்தின் தாடை நின்றது.

அந்த அம்மாள் வெள்ளை மனசுக்காரர். எங்கள் அம்மாவிடம் திரும்பி விளக்கமே சொன்னார்: "இவுருக்கு வாயுத் தொல்லம்மா. சனிக்கெழமையானா சங்கத்து மீட்டிங் முடிஞ்சி, டாக்டராண்ட போய் மருந்து குடிச்சிட்டு வருவாரு. வூட்டுக்குள்ள வந்தா இதே வாசனதான்."

தணிகாசலம் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். என் குடுமி அவர் கையில், அவர் குடுமி என் கையில் என்பது இருவருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது.

"தம்பி, உன் ஸ்கூலு எங்க கீது?" என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு.

"திருவொத்தியூர் ரோட்டாண்ட சார்."

"பெரிய பொகக்கூண்டு வெச்ச கட்டடமா?"

"ஆமா சார்." கதவுக்குப் பின்னால் இருந்த அக்காவின் வளையல் சத்தம் நின்றுபோனது.

அவர் கையிலிருந்த மீதித் துண்டையும் வாயில் போட்டுக்கொண்டார். "நல்ல ஸ்கூலு" என்றார் கடைசியில். "ரொம்ப ஒழுக்கமான ஸ்கூலு."

"உங்களுக்கு எப்டித் தெரியும்?" என்றார் மனைவி.

"நம்ம மருந்து அங்கதான் செய்யறாங்க."

"அப்ப நல்லதாப் போச்சு. தம்பி, இனிமே சனிக்கெழம சனிக்கெழம நீயே ஒரு பாட்டில் வூட்டாண்ட கொணாந்து குடுத்துடு. வயசான காலத்துல இவுரு எதுக்கு அலையணும்?"

தணிகாசலத்துக்குப் புரையேறியது. மாப்பிள்ளை ஓடிவந்து அவர் தலையைத் தட்டினார்.

அதுவரை வாயே திறக்காத அம்மா எழுந்தாள். அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து துணி மூட்டை ஒன்றை எடுத்து வந்து பிரித்தாள். உள்ளே மண்ணடி பேக்கரியில் வாங்கிய பன், பளபளவென்று இரண்டு டஜன். "அது பத்தியத்துக்குச் சுட்டது. இது துன்றதுக்கு. எடுத்துக்கங்க" என்றாள்.

அந்தப் பன்களைப் பார்த்த கணத்தில் என் காது இரண்டும் சுட்டன. தட்டு மாற்றியதும், தேதி குறித்ததும், அக்கா விழுந்து கும்பிட்டதும் எதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

அவர்கள் போனதும் அம்மாவின் எதிரில் போய் நின்றேன். "உனுக்கு எப்பம்மா தெரியும்?"

"மூணு மாசமா உன் சட்டையத் தொவைக்கிறது யாரு? ரொட்டி சுடறவன் சட்டையில மாவு இருக்கணும். ஒரு நாளாச்சும் இருந்துச்சா?"

"தெரிஞ்சே எதுக்கு ரொட்டி சுடச் சொன்னே?"

"சுடச் சொன்னா, தெரியாதும்மான்னு நீ உண்மையச் சொல்லிடுவேன்னு பாத்தேன். மூணு வாட்டி கேட்டேன். நீ சுட்டே வெச்சிட்டியே."

அம்மா மீதி ரொட்டிகளை எண்ணி முறத்தில் அடுக்கினாள். "உங்கப்பன் குடிச்சதக்கூட நான் பொறுத்துக்கினேன்டா. குடிச்சிட்டு வந்து, குடிக்கலன்னு பதினோரு வருசம் என் மொகத்தப் பாத்துச் சொன்னான் பாரு, அதான் பொறுக்கல. நீ எதனா படி, எதனா காய்ச்சு. என்னாண்ட பொய் சொல்லாத."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கம் அப்படி.

"அழுவாத. பதினாலு ரொட்டி கீது. எல்லாத்தையும் நீதான் துன்னணும். மீன் கொழம்பு ஊத்திக்க, கசப்பு தெரியாது" என்றாள். தெரிந்தது. மூன்று நாள் தெரிந்தது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அடுத்த வருஷமே மதுவிலக்கு வந்து, நான் சர்டிபிகேட் வாங்குவதற்குள் தொழிற்சாலையும் பள்ளிக்கூடமும் மூடப்பட்டன. வாசலில் நடந்த வெற்றி ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கியவர் தணிகாசலம். பூட்டிய கேட்டைப் பார்த்துக் கோஷம் போட்டபோது அவர் கண்ணிலிருந்து தாரைதாரையாக நீர் வழிந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று எல்லோரும் கைதட்டினார்கள். ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்று கைதட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

நான் ரொட்டி சுட்ட நாளிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் பொய் சொல்வதாகக் குற்றம் சாட்டுவதில்லை. "மாவு எங்க?" என்று கேட்பார்கள், அவ்வளவுதான். டியூஷனுக்குப் போனதாகச் சொன்ன என் மகனை அக்கா அப்படித்தான் கேட்டாள். ஆபீஸில் வேலை அதிகம் என்ற என் மருமகனை என் மகள் கேட்டாள். போன மாதம் டாக்டர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். ஆறு மாதமாக இனிப்பைத் தொடவே இல்லை என்று அவரிடம் நான் சத்தியம் செய்துகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற என் ஆறு வயதுப் பேத்திக்கு ரொட்டிக் கதை எதுவும் தெரியாது; பெரியவர்கள் கேட்பதைப் பார்த்திருக்கிறாள். என் சட்டையின் முன்பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "தாத்தா, மாவு எங்க?" என்றாள். டாக்டர் எதுவும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய், அலமாரியில் ஒளித்து வைத்திருந்த மைசூர்பாகு டப்பாவை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.