டிஜிட்டல் ரேடியோவும் பத்துப் பந்தும்

இனி என் வீட்டில் கரகரவென்று ஒரு சத்தம் கேட்கக் கூடாது என்று முடிவெடுத்தேன். கள்ளக்குறிச்சி ஜாபர் பாய் கடைக்குப் போய் டிஜிட்டல் ரேடியோவுக்கு விலை கேட்டேன்.

அது இரண்டு வருஷமாக அவர் கண்ணாடி அலமாரியில் கிடந்தது. வருகிறவர்கள் தடவிப் பார்ப்பார்கள், விலை கேட்பார்கள், பழைய பெட்டிக்கு நாலு பேட்டரி வாங்கிக்கொண்டு வெள்ளிமலை பஸ் ஏறிவிடுவார்கள். ஊரில் முதல் ஆளாக வாங்கியவன் நான்தான்.

நான் மரவள்ளிக் கிழங்குத் தரகன். அடிபட்டே தொழில் கற்றவன். பேரத்தில் தோற்றது கிடையாது. கத்தின கத்தலில் பாய் பாதி விலைக்கு இறங்கினார். ஒரே நிபந்தனை, வீட்டிலிருக்கும் பழைய ரேடியோவைக் கொடுத்துவிட வேண்டும். மலையிலிருந்து வருகிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்களாம்.

பழையது என் மனைவி மணிமொழியுடையது. கல்யாணச் சீர். மூடி போய், ரப்பர் பேண்டு போட்டு, ஏரியலுக்குக் குடைக்கம்பி செருகி, அரிசி டிரம் மேல் இருபத்திரண்டு வருஷமாகப் பேசுகிறது. அவளிடம் திட்டு வாங்காமல் இத்தனை வருஷம் பேசியது அது ஒன்றுதான்.

"இதுல இன்னாங்க விசேஷம்?"

"கரகரப்பே வராது."

"என்னுதுல வந்தா ஒரு தட்டு தட்டுவேன். இத தட்டலாமா?"

"தட்டிப் பாரு, தெரியும்."

"அப்ப எனக்கு வாணாம். எம் பொட்டியயும் குடுக்க மாட்டேன்."

மறுநாள் காலைச் செய்திக்கு இரண்டு ரேடியோவும் ஓடின. மணி காட்டும் 'பிப்' சத்தம் வந்தபோது அவள் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் நின்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். அடுத்த நாளும் நின்றாள். மனசு மாறுகிறது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் வர்ணனை.

"ஒரு பந்தயங்க. ஒவ்வொரு பந்துக்கும் இன்னா ஆவும்னு உங்க ரேடியோ சொல்றதுக்கு முந்தி நான் சொல்றேன். பத்துல ஏழு சரியா இருந்தா எம் பொட்டி இங்கயே இருக்கட்டும்."

கிரிக்கெட் மட்டைக்கும் துணி துவைக்கிற கட்டைக்கும் வித்தியாசம் தெரியாதவள். ஆனால் பேரம் என்றால் என் வாய் சும்மா இருக்காதே.

"ஏழு கம்மி. பத்துக்குப் பத்து."

"அப்ப தோத்தா நீங்க ஒரு வாரம் பாத்திரம் வெளக்கணும்."

"வாரம் இன்னா வாரம். ஒரு மாசம் வெளக்கறேன்."

"எனக்குச் சமையல் வேல கெடக்குது. அடுப்படியிலேர்ந்தே சொல்றேன். எம் பொட்டியும் சத்தம் கம்மியா ஓடட்டும், பேச்சுத் தொணைக்கு."

"ஓடட்டும். ஒரே ஸ்டேஷன்தான?" என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தேன்.

"நாலு" என்றாள். என் ரேடியோவில் அப்போதுதான் ஒருவர் பந்து வீச ஓடி வந்தார். நாலு.

"ஒண்ணுமில்ல." ஒன்றுமில்லை.

"அவுட்டு. புடிச்சிட்டான்" என்றாள், கடுகு தாளித்துக்கொண்டே. பிடித்துவிட்டான்.

பத்தாவது பந்துக்கு நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"ஆறுங்க. கொழம்புக்கு உப்பு சரியா இருக்குதா, வந்து பாருங்க."

ஆறு. உப்பும் சரியாக இருந்தது.

"எப்பிடிடீ?"

"உங்க பொட்டி நாலு செகண்டு லேட்டு. எனக்கு மணி அடிச்சி முடிஞ்ச பொறவுதான் உங்களுக்கு அடிக்குது. மொத நாளே பாத்துட்டேன்."

பாயிடம் ஓடினேன்.

"டிஜிட்டல்னா அப்பிடித்தாண்ணே. வர்ற சத்தத்த வாங்கிச் சேத்து, சுத்தம் பண்ணித்தான் பாடும்."

"மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"நீங்க எங்கண்ணே பேச வுட்டீங்க?"

பழைய பெட்டி வராது என்றதும் மீதி விலையையும் வாங்கிக்கொண்டார்.

இப்போது சாயங்காலம் ரேடியோவில் நகைச்சுவை நாடகம் வருகிறது. நான் புதுப்பெட்டியோடு கிணற்றடியில் பாத்திரம் விளக்குகிறேன். உள்ளேயிருந்து அவள் சிரிப்புக் கேட்கும், பின்னாலேயே குரலும் வரும்:

"ஏங்க, இப்ப ஒரு சிரிப்பு வருது. தயாரா இருங்க."

நான் கரிச்சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பேன்.